பிள்ளைக்காசு வராத பிள்ளைகள்

மொழிபெயர்ப்பாளன் வேலையில் வாய்க்குத்தான் சம்பளம். காதில் விழுவதெல்லாம் இலவசம்.

கொமூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் இலக்கச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் எண் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உத்தியோகத்தர், இந்தப் பக்கம் நீங்கள், பக்கவாட்டில் ஒரு கதிரை. அந்தக் கதிரையில் நான். யாழ்ப்பாணத்தில் நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி எழுதியவன், டென்மார்க்கின் மேற்கே ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து, டேனிஷ் மொழி மற்றவர்களைவிடச் சில மாதம் முந்திப் பிடிபட்டதால் அதில் உட்கார வைக்கப்பட்டேன்.

நான் அதிகம் மொழிபெயர்த்தது ஒரே ஒரு விதியைத்தான். மருந்துச் செலவு ஓர் எல்லையைத் தாண்டினால், மிச்சத்தைக் கொமூன் பார்க்கும். அந்த எல்லை எல்லாருக்கும் ஒன்றல்ல. வருமானத்தைப் பார்ப்பார்கள், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்ப்பார்கள். பிள்ளை கூடக்கூட எல்லை கீழே இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் தருகிற பிள்ளைக்காசு வருமானத்தில் சேராது. ஆனால் எந்தப் பிள்ளைக்குப் பிள்ளைக்காசு வருகிறதோ அதுதான் எங்கள் அலுவலகக் கணக்கில் பிள்ளை. நான்கு வரி. இந்த நான்கு வரியையும் நம்மவர் ஒருவர்கூட முதல் தடவையில் நம்பவில்லை.

காலம், எண்பதுகளின் கடைசியும் தொண்ணூறுகளின் தொடக்கமும். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட நம்மவர் போட்ட விண்ணப்பங்கள் கோபனேகனில் ஓர் இழுப்பறையில் கிடந்த வருடங்கள். அவை தற்செயலாகக் கிடக்கவில்லை, கிடத்தப்பட்டிருந்தன என்பது பிறகு விசாரணையாகி, ஓர் அரசாங்கமே இறங்கிப்போனது. அது பத்திரிகைக் கதை. நான் சொல்வது மேசைக் கதை.

வாசலில் நின்ற வண்டில்

சிவபாலனும் மனைவி ரஞ்சியும் மருந்துச் சலுகை கேட்டு வந்தார்கள். மூத்த மகள் வினோதாவுக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்துமா. பனி தொடங்கினால் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். இழுக்கிற பம்ப், குடிக்கிற மருந்து என்று மாதாமாதம் செலவு. உத்தியோகத்தர் பிர்கிற்ற எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சிவபாலன் கண் சிமிட்டாமல் இரண்டு என்றார். எனக்குத் தெரிய மூன்று. மொழிபெயர்ப்பாளன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லக்கூடாது, கேட்டதைத்தான் சொல்லவேண்டும். சொன்னேன். ரஞ்சி மடியில் இருந்த கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிள்ளைக்காசுக் கடிதம் அதற்குள் இருந்தது. மூன்று பிள்ளைக்குக் காசு வருகிறது என்று தெரிந்தால் வசதியான குடும்பம் என்று சலுகையை வெட்டிவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

பிர்கிற்றவின் முன்னால் இருந்த தாளில் மூன்று பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் ஏற்கெனவே இருந்தன. அவர் ஒன்றும் சொல்வதற்கு முன், யன்னலுக்கு வெளியே ஒரு குழந்தை வீரிட்டது. இந்த நாட்டு வழக்கப்படி பிள்ளை வண்டிலை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்கள். மூன்றாவது பிள்ளை வெளியே குளிரில் நன்றாகத் தூங்கி, சரியான நேரத்துக்கு எழும்பிவிட்டது. ரஞ்சி எழுந்து ஓடினார். பிர்கிற்ற பென்சிலை எடுத்து இரண்டு கோடு போட்டுக் காட்டினார். இரண்டு பிள்ளைக்கு எல்லை இங்கே, மூன்று பிள்ளைக்கு இங்கே, கீழே. பிள்ளைக்காசு இதில் சேராது. நீங்கள் ஒளித்து வைத்தது உங்கள் சொந்த இலாபத்தை. நான் சொல்லி முடித்ததும் சிவபாலன் தாளை ஒருமுறை பார்த்தார், குழந்தையோடு திரும்பி வந்த மனைவியின் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் சரிந்தார்.

"அப்ப நாலு எண்டு எழுதச் சொல்லுங்கோ அண்ணை, தையில ஒண்டு வருகுது."

பூச்சியம்

அருளப்பு அண்ணை மன்னார்ப் பக்கம். கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. சிவபாலன் வீட்டுக்கு மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். அவருக்கும் தொய்வு, சின்ன வயதிலிருந்து. குளிரறையில் எட்டு மணித்தியாலம் நிற்கிற வேலை அதை நன்றாக வளர்த்துவிட்டிருந்தது. மனைவி மெற்றில்டாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் மடுக்கோவில் வளவில், அகதிக் கொட்டிலில். சம்பளத்தில் பாதி அங்கே போகும். பம்ப் முடிந்தால் அடுத்த சம்பளம் வரை சுடுதண்ணீர் ஆவிதான். சலுகை கேட்டால் கிடைக்கும் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

தாளில் ஒரு கட்டம். பிள்ளைக்காசு பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை. பத்திரிகையில் இருந்தபோது பழகிய பழக்கம், உண்மையைத்தானே எழுதவேண்டும், நான் இரண்டு என்று எழுதினேன். பிர்கிற்ற அதை வெட்டச் சொன்னார். மன்னாரில் இருக்கிற பிள்ளைக்கு டென்மார்க்கில் பிள்ளைக்காசு இல்லை. காசு இல்லாத இடத்தில் கணக்கில் பிள்ளையும் இல்லை. பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், தனி ஆளுக்குரிய எல்லையில் இன்றைக்கே சலுகை கிடைக்கும் என்றார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அருளப்பு அண்ணை பேனாவை மேசையில் வைத்தார். குடும்பத்தைக் கூப்பிடுகிற விண்ணப்பத்தில் இரண்டு பிள்ளை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். அதே கையால் இன்னொரு அரசாங்கத் தாளில் பிள்ளை பூச்சியம் என்று வைத்தால், நாளைக்குக் கோபனேகனில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், நீ பொய்யன் என்பார்கள், பைலை மூடுவார்கள். இது கொமூன் தாள், அந்தப் பைலோடு சேராது என்று பிர்கிற்ற சொன்னார். நான் இரண்டு தடவை சொன்னேன். எழும்பிக் கதிரையை உள்ளே தள்ளிவிட்டு அவர் சொன்னது இது.

"என்ர ரெண்டு பிள்ளையளையும் என்ர கையாலயே அழிக்கச் சொல்லுறியளோ தம்பி?"

அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து வருகிற சட்டம்

அந்த வருடங்களில் டென்மார்க் நாடாளுமன்றம் கோபனேகனில் இருந்தது என்று சொல்வார்கள். நமக்குச் சட்டம் அதற்குப் பக்கத்து ஊரான அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்துதான் வந்தது, தொலைபேசியில், தபாலுக்கு முதல். அங்கே தேவன் என்று ஒருவர். இங்கிருந்து வேறு நாட்டுக்குப் போகவேண்டுமா, வதிவிட உரிமை புதுப்பிக்கவேண்டுமா, தேவனைக் கேள் என்பார்கள். பிள்ளைக்காசு எடுத்தால் மருந்துச் சலுகை போய்விடும் என்று சிவபாலனுக்குச் சொன்னதும் அவர்தான். கொமூன் தாளில் பூச்சியம் வைத்தவனுக்குக் குடும்பம் வராது என்று அருளப்பு அண்ணைக்குச் சொன்னதும் அவர்தான்.

ஒரு கலியாண வீட்டில் ஆளைப் பிடித்தேன். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, விதியை வரி வரியாகச் சொன்னேன். பிள்ளைக்காசு வருமானம் இல்லை, மருந்துத் தாள் கொமூனோடு நிற்கும், கோபனேகனில் இருக்கிற வெளிநாட்டார் பைலுக்குப் போகாது. தேவன் மறுக்கவில்லை. அப்பளத்தை நொறுக்கி சோற்றில் போட்டுக்கொண்டு, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம் என்றும் சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றார். எனக்குத் தெரிந்து அந்த வருடம் ஒருவரும் வரவில்லை. மோரை ஒரு மிடறு குடித்துவிட்டு அவர்தான் முடித்து வைத்தார்.

"சட்டம் எண்டா நீர் சொல்லுறதுதான் ஐசே. நடக்கிறது நான் சொல்லுறது."

இரண்டு பேருக்கு மூச்சுவிட்ட பிள்ளை

சிவபாலன் குடும்பத்துக்குச் சலுகை கிடைத்து ஒரு குளிர்காலம் போனது. வினோதாவை மருத்துவரிடம் காட்டுகிற நாள் என்னையும் கூப்பிட்டார்கள். மருத்துவர் உயரமான மனிதர், ஓய்வுபெறுகிற வயது. தன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த பம்புகள் ஏன் இவ்வளவு விரைவில் முடிகின்றன என்று கேட்டார். பெற்றோர் இருவரும் என்னைப் பார்த்தார்கள். சிவபாலன் தொலைகிறது என்றார். ரஞ்சி, சின்னவன் எடுத்து விளையாடுகிறான் என்றார். இரண்டையும் வரிசையாக மொழிபெயர்த்தேன். எந்த வரிசையில் சொன்னாலும் நம்பும்படி இல்லை.

வினோதாவுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு, மருத்துவரைப் பார்த்து, நேராக டேனிஷில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒன்று எனக்கு, ஒன்று மேல்மாடி மாமாவுக்கு. மாமாவுக்கு என்னைவிடப் பெரிய சத்தம் வரும். மாமா அதற்குக் கொக்கிஸ் பலகாரம் தருவார். சம்பளம் எனக்கு, மொழிபெயர்த்தது அவள். பெற்றோருக்கு அதைத் தமிழில் சொல்லவேண்டிய கடமை மட்டும் எனக்கு மிஞ்சியது. ரஞ்சி தலையைக் குனிந்தார். சலுகையை நிறுத்துவார்கள், பொலிஸ் வரும் என்றுகூட அந்த ஒரு நிமிடத்தில் நினைத்ததாகப் பிறகு சொன்னார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது பிள்ளையின் அளவு, ஒரு வளர்ந்த ஆணின் நெஞ்சுக்கு இது போதாது, அந்த மனிதர் இதை நம்பி இருந்தால் ஒரு நாள் எழும்பமாட்டார் என்றார். குரலை உயர்த்தவில்லை. மருந்துத்தாளை எழுதிக் கிழித்து வினோதாவின் கையிலேயே கொடுத்தார்.

"இது உனக்கு. உன் மாமாவை வியாழக்கிழமை இங்கே கூட்டிக்கொண்டு வா, கொக்கிஸ் தேவையில்லை."

தொழிற்சாலைப் படிக்கட்டு

வியாழக்கிழமைக்கு முதல் செவ்வாய் வந்துவிட்டது. அருளப்பு அண்ணை தொழிற்சாலைப் படிக்கட்டில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது மூக்கில் குழாய். பக்கத்தில் அவருடைய மேற்பார்வையாளர், வெள்ளை நீள்சப்பாத்தோடு அப்படியே வந்திருந்த ஒரு யூலாந்துக்காரர், இந்தப் பகுதி மண்ணின் ஆள். அவர் என்னைக் கேட்டார், இந்த நாட்டில் மருந்து இல்லாமல் ஒருவன் ஏன் விழவேண்டும், கொமூன் இல்லையா என்று. நான் பூச்சியத்தின் கதையைச் சொன்னேன். மேற்கு யூலாந்துக்காரர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அக்கறை என்று புரிய எனக்குச் சில வருடம் எடுத்திருந்தது. போகும்போது போர்வைக்கு மேலால் அருளப்பு அண்ணையின் காலை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

புது மருந்து இரண்டு எழுதியிருந்தார்கள். பழையதைவிட விலை கூட. இனி கட்டாயம் சலுகைத் தாளில் கையெழுத்து வைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மடுவுக்குக் காசு போகாது, போனால் மருந்து இல்லை என்று நான் கணக்குப்போட்டுக் காட்டினேன். குழாயை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பதில் சொன்னார்.

"மூச்சு பிறகும் இழுக்கலாம் தம்பி. பைல் ஒருக்கா மூடினா மூடினதுதான்."

பிர்கிற்ற எழுதிய தாள்

மொழிபெயர்ப்பாளன் சொந்தக் கருத்துச் சொல்லக்கூடாது என்று எனக்கு முதல் நாள் சொல்லித் தந்தவரே பிர்கிற்றதான். அடுத்த நாள் காலை அலுவலகம் திறந்தவுடன் அவர் முன்னால் போய், ஆள் இல்லாமலே, என் சொந்தக் கருத்தைச் சொன்னேன். அந்த மனிதருக்குப் பணத்துக்குப் பயமில்லை, சாவுக்கும் பயமில்லை, பூச்சியத்துக்குத்தான் பயம். உங்கள் கட்டம் பிள்ளைக்காசைத்தான் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கையெழுத்து வைக்கிறவருக்கு அது அவருடைய பிள்ளைகளைக் கேட்கிறது. அவர் விண்ணப்பம் எங்கே கிடக்கிறது என்று உங்களாலும் சொல்ல முடியவில்லை. அப்படி இருக்க, இந்தத் தாள் எங்கேயும் போகாது என்று நீங்கள் சொல்வதை அவர் எதை வைத்து நம்புவது?

பிர்கிற்ற கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், வேலையை விட்டிருப்பேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'விண்ணப்பதாரருக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு. அவர்கள் இலங்கையில் இருப்பதால் மட்டுமே பிள்ளைக்காசு பெறவில்லை. பூச்சியம் என்பது காசைக் குறிக்கும், பிள்ளைகளை அல்ல.' மூன்று வசனம், கீழே கையெழுத்து, அலுவலக முத்திரை. அதன் ஒரு பிரதியைச் சலுகைத் தாளோடு பின்னால் இணைத்து, மூலத்தை அவருக்கே கொடுக்கச் சொன்னார். பிறகு, அவருடைய மொழியிலும் எழுது, பிள்ளைகளின் பெயரோடு எழுது என்றார். எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அருளப்பு அண்ணை அதை விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். ஜெனிற்றா. பிலோமினா. சின்னவளின் பிறந்த திகதியில் ஒரு பிழை. பத்திரிகைக்காரன் பிழை. அவரே திருத்தினார், நான் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். அதற்குப் பிறகுதான் பூச்சியத்துக்குக் கீழே கையெழுத்து விழுந்தது. கிடைத்தது தனி ஆளுக்குரிய சலுகைதான். ஆனால் அதற்குப் பிறகு பம்ப் வினோதாவின் பையில் இருந்து வரவில்லை. அந்த மூலத்தை அவர் மடித்துக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்தபோது நான் கேட்டேன், இப்போது பயமில்லையா என்று.

"பயம் இருக்குது. ஆனா இப்ப அதுக்கும் ஒரு சாட்சி இருக்குது."

வளர்ந்தவர்கள் பக்கம்

இழுப்பறை திறந்தது. திறக்க வைத்தவர்கள் யார் யார் என்பதைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. மெற்றில்டாவும் இரண்டு மகள்மாரும் ஒரு சித்திரை மாதம் வந்து இறங்கினார்கள். நான்கு நாள் கழித்து நாலு பேரும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். அருளப்பு அண்ணை கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கொமூன் அலுவலகத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டி வந்தவரை நான் அதற்கு முன் பார்க்கவில்லை. பிள்ளைக்காசுக்கு எழுதவேண்டும், மருந்துச் சலுகையைக் குடும்பத்துக்கு மாற்றவேண்டும். இனி எல்லை இறங்கும். அவரே பேனாவை எடுத்து, நான் சொல்வதற்கு முன்னமே, கட்டத்தில் 2 என்று பெரிதாக எழுதினார்.

பிர்கிற்ற அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஜெனிற்றாவுக்கு விண்ணப்பம் போட்டபோது பதின்மூன்று, அதனால்தான் வரவிட்டார்கள். வந்து சேர்ந்தபோது பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். பதினெட்டுக்கு மேல் பிள்ளைக்காசு இல்லை. தகப்பனின் தாளில் அவளுக்கு இடம் இல்லை, அவளுக்குத் தனித் தாள், வளர்ந்தவர்கள் பக்கத்தில். இதையும் தமிழில் சொல்லவேண்டியது நான்தான். சொன்னேன், ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மெற்றில்டா ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிலோமினா தமக்கையின் கையைப் பிடித்தாள். ஜெனிற்றா கொஞ்சம் யோசித்துவிட்டு, தகப்பனின் தோளில் தட்டி, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள், "பறவாயில்லை அப்பா. நான் வர முன்னமே வளந்திட்டன், அவ்வளவுதானே." அருளப்பு அண்ணை 2 என்பதை ஒரு கோடு போட்டு வெட்டி, 1 என்று எழுதினார். பூச்சியத்துக்கு அவ்வளவு போராடியவர் இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று பிர்கிற்ற கேட்டார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். அவர் மகளைத் தலையில் இருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார், சந்தையில் துணி அளக்கிற மாதிரி, முழம் முழமாக.

"அவ வளந்திட்டா எண்டு சொல்லுறது சரிதான். அதை நான் பாக்கேல்ல எண்டதை எந்தக் கட்டத்தில எழுதுறது எண்டு கேளுங்கோ."

அந்த வருடங்களில் நான் மொழிபெயர்த்த விதிகள் ஒன்றும் பிழையில்லை. அவற்றுக்குப் பொருந்துகிற வயதில் ஆட்கள்தான் வந்து சேரவில்லை.